பாஸித்தோவும் பினாட்டும்

வைனைப் பற்றித் தமிழில் எழுத வெளிக்கிட்டால் முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும் என்றொரு எழுதாத சட்டம் எம்மவர்களிடையே உண்டு. குடியைப் பற்றி எழுதலாம். குடித்துக் குடும்பத்தைச் சீரழித்தவனைப் பற்றிய சிறுகதைகள் புகலிடத்தில் போதுமான அளவு வந்துவிட்டன. விஸ்கியைப் பற்றிப் பேசலாம். சாமத்தியவீடு நடக்கும் மண்டபத்தின் பின்பக்கத்தில், கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடதாசிக் கோப்பையில் ஊற்றியபடி. ஆனால் ஒரு பானத்தை அதன் ருசிக்காக, இரண்டு வாய் குடித்துவிட்டு யோசித்துப் பேசினால் அது மேட்டுக்குடித்தனமாகிவிடுகிறது. இந்த மன்னிப்பை நாங்கள் கேட்கப்போவதில்லை. நாளுக்குப் பத்து மணித்தியாலம் நின்று அடுத்தவர் வாய்க்கு உப்புப் பார்த்து, புளி பார்த்து அனுப்புகிறவர்களுக்கு, சொந்த வாயால் ஒன்றைச் சுவைத்து அபிப்பிராயம் சொல்ல யாரும் அனுமதி தரவேண்டியதில்லை.

நாங்கள் என்பது நாலு பேர். பரிஸில் வெவ்வேறு இத்தாலிய றெஸ்ரோறன்ற்களின் குசினிகளில் வேலை. ஒருவர் பலேர்மோவில் பல வருடம் இருந்துவிட்டு வந்த அண்ணை. இத்தாலி மொழியில் சண்டை பிடிக்குமளவுக்குப் பேசுவார். (பலேர்மோவில் ஆயிரக்கணக்கில் எங்கட சனம் உண்டு, பெல்லெக்ரீனோ மலையிலுள்ள சாந்தா றொசாலியா குகைக்கோயிலுக்குச் சைவர்களும் ஏறுகிறார்கள்.) ஒருவர் இனிப்புப் பகுதியில் வேலைசெய்யும் அக்கா. மற்ற இருவர் ஊரில் பல்கலைக்கழகத்தை இடைநடுவில் விட்டவர்கள். அதில் ஒருவர் படித்தது இரசாயனம். அக்காவின் பெயரைப் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். போட்டால் அடுத்த திருவிழாவில் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். எங்கள் மூவருக்கும் அந்தத் தொல்லை கிடையாது.

எங்களில் ஒருவர் வேலைசெய்யும் இடத்தில் புதிய வைன் வந்தால் ஒரு சடங்கு நடக்கும். வைன் வியாபாரி வருவார். மேசைக்குப் பரிமாறுகிற பெடியளைச் சுற்றி நிறுத்தி ஆளுக்கொரு சொட்டு ஊற்றுவார். அப்ரிகொட், தேன், உலர்ந்த அத்தி, அக்காசியாப்பூ என்று ஒரு பட்டியல் சொல்வார். அதை அவர்கள் பாடமாக்கி இரவு வாடிக்கையாளரிடம் ஒப்புவிப்பார்கள். குசினிக்கு அந்தச் சொட்டு வராது. எந்தச் சாப்பாட்டோடு அந்த வைன் போகவேண்டுமோ அந்தச் சாப்பாட்டைச் செய்கிறவனுக்கு வைனின் ருசி தெரியாது. வைனின் ருசி தெரிந்தவனுக்குச் சாப்பாடு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாது. இந்த இடைவெளியிலிருந்துதான் அச்சடித்த பட்டியல்களில் காணப்படும் பொருத்தங்களில் பாதி பிறக்கின்றன என்பது எங்கள் துணிபு.

ஆகவே நாலுபேரும் காசு சேர்த்து, ஒரு விடுமுறைத் திங்கட்கிழமையில், அரைப் போத்தல் வாங்கினோம். 375 மில்லிலீற்றர். இவ்வகை இனிப்பு வைன் பெரும்பாலும் இந்த அளவில்தான் விற்பனைக்கு வருகிறது. ஆளுக்கு ஒரு தேநீர்க் கோப்பையில் பாதிகூட வராது. போத்தலின் பெயர் பாஸித்தோ தி பன்தெல்லெரியா.

பன்தெல்லெரியா ஒரு தீவு. சிசிலியிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர், துனிசியாவிலிருந்து சுமார் 70. அதாவது ஆட்சி இத்தாலிக்கு, கிட்ட இருப்பது ஆபிரிக்கா. எரிமலை கக்கிய கறுப்புக் கல்லாலான நிலம். ஆறு கிடையாது. மழைநீரைக் கூரையில் வாங்கித் தொட்டியில் சேமித்துத்தான் சனம் சீவித்தது. அதற்காகவே அங்குள்ள கல்வீடுகளுக்குக் குமிழ்போன்ற கூரை. தம்முஸோ என்று அவற்றுக்குப் பெயர். வருடம் முழுக்கக் காற்று. காற்றுக்குப் பயந்து முந்திரிகைக் கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. நிலத்தில் குழி தோண்டி, குழிக்குள் குட்டைச் செடியாக, முழங்காலளவு உயரத்தில் வளர்க்கிறார்கள். காற்று மேலால் போய்விடும், பனியீரம் குழிக்குள் தங்கும். இந்த வளர்ப்பு முறையை 2014 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. படம் பார்த்தபோது எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது நெடுந்தீவின் கல்வேலிகள். அதற்குமேல் ஒப்பிட ஒன்றுமில்லை. எல்லாத் தீவையும் எங்கள் தீவாக்கிக் கண்கலங்கும் பழக்கம் எங்களுக்கு வேண்டாம்.

அங்கு விளையும் முந்திரிகைக்கு ஸிபிப்போ என்று பெயர். அலெக்சாந்திரியாவின் மஸ்கற் என்று மற்ற இடங்களில் அறியப்படுவதும் இதுதான். ஸிபிப்போ என்பது அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஸபீப் என்றால் முந்திரிகை வற்றல், நாங்கள் ஊரில் பொங்கலுக்குப் போடும்போது 'பிளம்ஸ்' என்று சொன்ன அதே சாமான். வைனை விலக்கிய மதத்தின் மொழி, வைனுக்குரிய பழத்துக்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. தீவிலுள்ள ஊர்களுக்கும் கம்மா, கதிர், புக்குறாம் என்று அரபு வாடை வீசும் பெயர்கள்தான். வைனின் பெயர்களும் அப்படியே. ஒரு வைனுக்குப் பெயர் பென் றியே, அரபில் காற்றின் பிள்ளை என்று பொருள் சொல்கிறார்கள். அதைச் செய்யும் நிறுவனத்தின் பெயர் தொன்னாஃபுகாத்தா: ஓடிய பெண். நெப்போலியனின் படைகளுக்குப் பயந்து நேப்பிள்ஸிலிருந்து சிசிலிக்குத் தப்பியோடிய அரசி மரியா கரோலினாவை நினைத்து வைத்த பெயர். லேபலில் தலைமயிர் பறக்கும் பெண்முகம் ஒன்று. அரசி ஓடினால் அது போத்தலில் ஓவியமாகிறது. அதே கடலில் 2013 ஒக்டோபர் 3 ஆம் திகதி லம்பெதூசாவுக்கு அருகில் ஒரு படகு கவிழ்ந்து 360 பேருக்கு மேல் செத்தார்கள். பன்தெல்லெரியாவிலும் படகுகள் வந்து இறங்குகின்றன. லூக்கா குவாதஞினோ 2015 இல் எடுத்த 'எ பிகர் ஸ்பிளாஷ்' படம் இத்தீவில் நடக்கிறது. பணக்கார வெள்ளையர்கள் நீச்சல் குளத்தடியில் காதலித்துக் கொலையும் செய்கிறார்கள். அகதிகள் பின்னால் எங்கோ நிற்கிறார்கள், பழியைப் போடுவதற்கு வசதியாக. நெறியாளர் தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறோம். ஆனால் எங்களுக்குப் பின்னால் நிற்கிறவர்களின் முகம்தான் பார்க்க விருப்பமாயிருந்தது.

றோலான் பார்த் 1957 இல் வெளிவந்த தனது 'மித்தோலொஜி' நூலில் வைனும் பாலும் பற்றி எழுதிய கட்டுரையை எங்களில் படித்தவர்கள் அறிவர். வைன் பிரெஞ்சுக்காரருக்கு எப்படித் தேசியத் தொன்மமாயிற்று என்று சுவையாகச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டுக் கடைசியில் அல்ஜீரியாவுக்குப் போவார். பறித்தெடுத்த நிலத்தில், பாணுக்கு வழியில்லாத முஸ்லிம்கள்மேல், அவர்கள் குடிக்காத ஒன்றின் பயிர்ச்செய்கை சுமத்தப்பட்டதை நினைவூட்டி, வைன் அப்பாவிப் பொருளல்ல என்பார். சரி. ஆனால் அந்தக் கட்டுரையைக் காட்டி, 'ஆகவே ருசி என்பதே முதலாளித்துவச் சூழ்ச்சி' என்று எங்கள் இலக்கியச் சந்திப்புகளில் வாதாடுகிறவர்களோடு நாங்கள் உடன்படமாட்டோம். பார்த் வைனை ருசியற்றது என்று எங்கும் சொல்லவில்லை. வைன் நல்ல பொருள்தான் என்று ஒத்துக்கொண்டுதான் கணக்கைக் கேட்கிறார். ருசியையும் சொல்லவேண்டும், கணக்கையும் கேட்கவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதிலிருந்து தப்பமுடியாது.

முதலில் கணக்கு. ஓகஸ்ட் நடுப்பகுதியில் முதற் பழங்களைப் பறித்து, வெயிலில் பரப்பி, இரண்டு மூன்று கிழமை காயவிடுகிறார்கள். நாளுக்கு நாள் கையால் புரட்டவேண்டும். மழைக்குறி கண்டால் மூடவேண்டும். செப்ரெம்பரில் மிகுதிப் பழங்களைப் பறித்துப் பிழிந்து, அந்தச் சாறு நொதித்துக்கொண்டிருக்கையில், காய்ந்த பழங்களைக் கையால் காம்பு நீக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறார்கள். வற்றல் ஊறித் தன் சீனியையும் வாசத்தையும் விட்டுக்கொடுக்கிறது. ஒரு கட்டத்தில் நொதியம் களைத்து நின்றுவிடும். மிஞ்சிய சீனி மிஞ்சியபடி இருக்கும். லீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் வரையில். மதுசாரம் 14 வீதத்துக்குச் சற்று மேல். நல்ல பாஸித்தோவில் ஒரு லீற்றருக்கு நாலு கிலோ பழம் போகும். படிபடியான கல்லுத்தோட்டத்தில் இயந்திரம் நுழையாது. முழங்காலளவு செடிக்கு முதுகைத்தான் வளைக்கவேண்டும். தோட்டங்கள் சுருங்கிவிட்டன, பிள்ளைகள் நிலத்தை விட்டுப் போய்விட்டார்கள், பழைய தம்முஸோக்களைப் பெயர்பெற்றவர்கள் விடுமுறை வீடாக வாங்கினார்கள். அரைப்போத்தலின் விலை ஏன் அந்த விலை என்பதற்கு இது போதும். அந்த விலையில் வளைந்த முதுகுக்கு எவ்வளவு போகிறது என்பதை எந்த லேபலும் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை. லேபலில் 'லிகொறோஸோ' என்று எழுதியிருந்தால் அது வேறு சாமான். நொதித்துக்கொண்டிருக்கையில் வெளியிலிருந்து மதுசாரம் ஊற்றி நொதிப்பை நிறுத்தியது. தீவின் பெயர் அதிலும் இருக்கும், விலை குறைவாக இருக்கும். சுப்பர்மாக்கெற் அடித்தட்டில் நிற்பது அநேகமாக இதுதான். குடித்துப்பார்த்திருக்கிறோம். இனிப்பும் எரிவும் தனித்தனியாக நிற்கும், ஒன்றோடொன்று பேசாது.

இனி ருசி. நிறம் தேயிலைச் சாயத்துக்கும் பழைய தேனுக்கும் இடையில். வைன் வியாபாரியின் அப்ரிகொட் உண்மையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்களில் யாரும் அப்ரிகொட் மரத்தைக் கண்டு வளர்ந்தவர்களல்ல. அந்தச் சொல் எங்களுக்கு றெஸ்ரோறன்றுக்கு வரும் தகரப்பேணியைத்தான் நினைவூட்டும். மணத்துக்குப் பெயர் வைப்பவன் தன் சிறுவயதிலிருந்துதான் வைக்கிறான். பரிஸ் வியாபாரியின் சிறுவயது எல்லாருக்குமான அளவுகோலாகிவிட்டது என்பதுதான் விசயம். எங்கள் பட்டியல் இது: வெயிலில் காய்ந்த தோடம்பழத் தோல். பொங்கல் பானைக்குள் ஊதிப் பருத்த பிளம்ஸ். பாகு பதத்துக்கு வரச் சற்று முந்திய பனங்கட்டி. பிறகு, எதிர்பாராமல், வறுக்காத கொத்தமல்லி. கொத்தமல்லியைச் சொன்னது அக்கா. நாங்கள் சிரித்தோம். இரசாயனம் படித்தவர் சிரிக்கவில்லை. மஸ்கற் இனப் பழங்களின் வாசத்துக்கு முக்கிய காரணமான லினலூல் என்ற பொருள்தான் கொத்தமல்லி விதையின் எண்ணெயிலும் பெரும்பங்கு என்று விளக்கினார். வியாபாரியின் பட்டியலில் அது இல்லை. அக்காவின் மூக்கில் இருந்தது.

வாயில் வைத்தவுடன் இனிப்பு. "இது பாணியல்லோ" என்றார் பலேர்மோ அண்ணை, அவருக்கு இனிப்பு அவ்வளவு பிடிக்காது. ஆனால் இரண்டாவது நொடியில் அடியிலிருந்து புளி எழும்புகிறது. அந்தப் புளிதான் இந்த வைனின் எலும்பு. அது இல்லாவிட்டால் சர்பத். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய துவர்ப்பும், கடற்கரைக் காற்று உதட்டில் விடுவதுபோல ஒரு உப்புக்குறியும். தமிழில் சுவை ஆறு. வைன் புத்தகங்கள் துவர்ப்பைச் சிவப்பு வைனுக்குமட்டும் எழுதிவைத்திருக்கின்றன. தோலோடு ஊறிய இந்த வற்றல் வைனில் நாங்கள் அதைத் தெளிவாகக் கண்டோம். உறைப்பைத் தவிர மற்ற ஐந்தும் ஏதோ ஒரு அளவில் உள்ளே இருந்தன, கைப்பு மிகக் கடைசியில், தோடந்தோலின் வெள்ளைப் பகுதிபோல.

பொருத்தங்களுக்கு வருவோம். ஒரேயொரு விதியைத்தான் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்: சாப்பாடு வைனைவிட இனிப்பாக இருக்கக்கூடாது. இருந்தால் நாக்கு அந்த இனிப்புக்குப் பழகிவிடும், பிறகு வைன் மெலிந்து புளித்த தண்ணீராகத் தெரியும். தொதலோடு வைத்துப் பார்த்தோம், அப்படியே நடந்தது. நாலு கிலோ முந்திரிகையை ஒரு துண்டுத் தொதல் கொன்றுவிட்டது. எங்கள் றெஸ்ரோறன்ற்களில் மிக அதிகம் சிபாரிசு செய்யப்படும் சோடி திராமிசு. இதை நாங்கள் கண்டிக்கிறோம். கோப்பியின் கைப்பும் கொக்கோத் தூளும் ஸிபிப்போவின் பூவாசத்தை மூடிவிடுகின்றன, மிஞ்சுவது வெறும் சீனி. திராமிசு அதிகம் விற்பதால்தான் அதோடு வைனைக் கட்டிவிடுகிறார்கள். கன்துச்சி பிஸ்கற்றைத் தோய்த்துச் சாப்பிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அது தொஸ்கானாவின் வின் சாந்தோவுக்குரிய வழக்கம். வின் சாந்தோ பரணில் சின்னப் பீப்பாவுக்குள் வருடக்கணக்காகக் கிடந்து, வெக்கையும் குளிரும் வாங்கி, காற்றுப் பட்டுக் கொட்டைப்பருப்பு வாசம் பிடித்தது. ஒரு பிஸ்கற் அதற்குள் விழுந்தால் அது பொறுத்துக்கொள்ளும். பாஸித்தோவுக்குள் பிஸ்கற் போடுவது சுத்தக் கோப்பிக்குள் ரஸ்க் போடுவது மாதிரி. பசிக்குச் சரி.

சிசிலிக்காரர் சொல்லும் கன்னோலி நல்ல சோடி. ரிக்கொத்தாவில் சீனியை மட்டாகப் போட்டால். பரிஸில் யாரும் மட்டாகப் போடுவதில்லை. கோர்கொன்சோலா பற்றி எல்லாரும் சொல்வது உண்மை. நீலச் சீஸின் உப்பு இனிப்பைத் தூக்குகிறது, கொழுப்பை வைனின் புளி வெட்டுகிறது. முதல் வாயில் அக்காவின் முகம் சுளித்தது. மூன்றாவது வாயில் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

'உறைப்பான ஆசிய உணவுகளோடு' என்று பின்லேபலிலும் சஞ்சிகைகளிலும் எழுதுகிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த ஆசியா? யப்பானிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டுகிற இந்தச் சோம்பேறித்தனம் அகதிக் கந்தோரின் படிவங்களில் எங்களுக்குப் பழக்கமானதுதான். நண்டுக் குழம்போடு குடித்துப் பார்த்தோம். சீனி உறைப்பை ஒரு நொடி ஆற்றுகிறது, உண்மை. ஆனால் 14 வீத மதுசாரம் அதே உறைப்பை அடுத்த நொடியில் கிளறிவிடுகிறது. நண்டும் போயிற்று, வைனும் போயிற்று. உறைப்புச் சாப்பாட்டோடு இனிப்பு இத்தாலிய வைன்தான் வேண்டுமென்றால் வடக்கே பியமொந்தேயின் மொஸ்காத்தோ தாஸ்தியை வாங்குங்கள். அதுவும் மஸ்கற் குடும்பம், மதுசாரம் 5 வீதமளவில், மெல்லிய நுரை. மிளகாய்த்தூள் போட்ட றால் பொரியலுக்கு அது நன்றாகக் கைகொடுத்தது. விலையும் பாஸித்தோவைவிடக் குறைவு.

எங்கள் பலகாரங்களில் பயற்றம் பணியாரம் பரவாயில்லை. வறுத்த பயற்றின் வாசம் வைனோடு சேர்கிறது, பொரித்த எண்ணெய் சேரவில்லை. சரியான சோடி கடைசியில் லா சப்பலில் கிடைத்தது. பினாட்டு. பனம்பழக் களியைப் பாயில் பரப்பி, காய்ந்ததன்மேல் அடுத்த நாள் களியை ஊற்றி, மீண்டும் காயவைத்து, தட்டுத்தட்டாகச் சேர்த்து எடுப்பது. நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் 'செருப்புத்தோல்' என்று பகிடி பண்ணுவார்கள். அதை மெல்லிய துண்டாக வெட்டி வாயில் வைத்து, ஊறவிட்டு, மேலால் ஒரு மிடறு பாஸித்தோ. வெயிலில் காய்ந்த பழமும் வெயிலில் காய்ந்த பழமும். பினாட்டின் அந்தக் காறல் கைப்பு, தனியே தின்னும்போது சிலருக்குப் பிடிக்காதது, வைனின் சீனியை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. வைனின் தோடந்தோல் வாசம் பனையின் புகைமணத்தைச் சுத்தப்படுத்துகிறது. இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பலேர்மோ அண்ணை, இனிப்புப் பிடிக்காதவர், தன் கிளாஸை நீட்டினார். "அந்தத் தீவாருக்கு இதை ஒருக்காக் காட்டவேணும். அவை காயப்போடத் தெரிஞ்ச ஆக்கள், விளங்கும்."

இந்தச் சோடியை எந்த இத்தாலியப் பட்டியலும் எழுதாது. எழுதவேண்டுமென்றும் நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பட்டியல்களாவது எழுதட்டும். பினாட்டு இப்போது கடையில் ஒரு மூலையில், கற்பூரத்துக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில், தூசி பிடித்துக் கிடக்கிறது. கடைக்காரரே யாருக்கு என்று கேட்டார், ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாவோ என்று.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பாணிப் பினாட்டு வாங்காதீர்கள், அது பாணியில் ஊறியது, தொதலுக்கு நடந்ததே வைனுக்கு நடக்கும். வெறும் காய்ந்த பினாட்டு வேண்டும். வைனைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணித்தியாலம் வெளியே வையுங்கள், 12 முதல் 14 பாகை சரி. ஐஸ்போலக் குளிர்ந்தால் மணம் வராது. சின்னக் கிளாஸ் போதும், ஆனால் மூக்கு உள்ளே போகவேண்டும். திறந்த போத்தலை இறுக்கி அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று கிழமை தாங்கும் என்கிறார்கள். எங்களுடையது அன்றிரவே முடிந்துவிட்டது.